என் வாசலைப் பார்த்த மாளிகை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய நற்குணங்களைப் பற்றி இந்த நினைவு மலரில் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் அவர் கட்டிய வீட்டைப் பற்றி எழுதுகிறேன். அதை என்னைப் போல வயிறெரிந்து பார்த்தவர் வேறு யாரும் இல்லை.

வடகரப்பதிப் பக்கம் ஒரு சிறிய ஓட்டு வீட்டில் அண்ணன் பிறந்தார். நானும் அங்கேதான் பிறந்தேன். தந்தையார் சீக்கிரமே காலமாகிவிட, அண்ணன் படிப்பை விட்டு ஏர் பிடித்து என்னைப் படிக்கவைத்தார். பிறகு முதலமடையில் மாந்தோப்பு வாங்கினார். பாகம் பிரித்தபோது பழைய வீடு எனக்கு வந்தது, எதிரே இருந்த வெறும் மேடு அவருக்குப் போனது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான்.

சிமென்ட்டுக்குப் பெர்மிட் வாங்கவேண்டிய காலத்தில் அந்த மேட்டில் மாளிகை எழும்பியது. முன்கட்டைக் கோயமுத்தூர்க் கொத்தனார் கட்டினார்: வளைவு வைத்த போர்ட்டிகோ, மொசைக் தரை, மொட்டைமாடி. பின்கட்டு கொல்லங்கோட்டு ஆசாரியின் வேலை: நடுமுற்றம், பலாமரத் தூண்கள், சரிந்த ஓட்டுக்கூரை. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. யார் மனதையும் நோகடிக்காத அண்ணன் ஆளுக்குப் பாதி வீட்டைக் கொடுத்துவிட்டார். மாடியும் ஓடும் சேரும் இடத்தில் ஒவ்வோர் ஆடி மழைக்கும் ஒழுகும். அண்ணி அங்கே அண்டா வைத்த செய்தி வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கும்.

வேலை தொடங்கியபோது கண்ணேறு படாதிருக்க வைக்கோல் பொம்மை கட்டினார்கள். எல்லோரும் ரோட்டைப் பார்த்துக் கட்டுவார்கள். அண்ணன் என் வாசலைப் பார்த்துக் கட்டினார். குடிபுகுந்த பிறகும் அவிழ்க்கவில்லை; நைந்தால் புதிது வந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் பண்டிகை தவறாமல் போவேன். ஒவ்வொரு தூணாகத் தடவிப் பார்த்துக் குறை சொல்லிவிட்டு வருவேன்.

கோவை ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தபோது கேட்டே விட்டேன்.

"ஏனுங்ணா, அந்தப் பொம்மை எனக்காகக் கட்டுனதுதானுங்க?"

"பின்னே யாருக்குடா? வர்றவனெல்லாம் ஊடு நல்லாருக்குதுன்னு சொல்லிக் காப்பியக் குடிச்சுட்டுப் போயிர்றான். நீ ஒருத்தன்தான் தூணு தூணாப் பாக்கறே. பொம்மை இருந்தா, அந்தக் கோவத்துலயாவது தெனமும் பாப்பீல்ல?"

சிரித்தார். இருமல் வந்தது. நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார். அதன்பிறகு அவர் பேசவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கார் அனுப்பிய பங்காளிகளுக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய ஊராருக்கும், கொட்டும் மழையில் வந்தவர்களையெல்லாம் பசியாற்றிய அண்ணிக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

சென்ற வாரம் அண்ணி கூப்பிட்டனுப்பினார். "தம்பி, பொம்மை நைஞ்சு போச்சுங்க. அவரே போயிட்டாரு, இனி எதுக்குங்க? அவுத்துருங்க" என்றார்.

அவிழ்த்தேன். புது வைக்கோல் கொண்டுபோய் நானே வேறொன்று கட்டினேன், என் வாசலைப் பார்த்து. வீடு திரும்பி என் வாசலில் நின்று பார்த்தேன்.

இன்னும் வயிறு எரிகிறது, அண்ணா.

— தம்பி