அமெரிக்க வக்கீலும் சிங்கவரத்து வண்டிப்பாதையும்

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் இறந்தபோது நான் ஓர் அமெரிக்க வக்கீலின் வாழ்க்கையைப் பாதிவரை மொழிபெயர்த்திருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆள். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வக்கீலாகி, பிறகு செனட்டர் ஆனவர். நம்மூர்க் கணக்கில் ராஜ்யசபா எம்.பி. என்று வைத்துக்கொள்ளலாம். சென்னையில் ஒரு பதிப்பகம் பள்ளிக்கூட நூலகங்களுக்காக இப்படிப்பட்ட வெளிநாட்டுப் பெரிய மனிதர்களின் வரலாறுகளைத் தமிழில் போட்டுக்கொண்டிருந்தது. அவர் பெயர் இங்கே வேண்டாம். அந்தப் புத்தகம் கைக்கு வருகிற வரை நானே அவரைக் கேள்விப்பட்டதில்லை.

நானும் வக்கீல்தான். செஞ்சி கோர்ட்டில் நைனாவுக்கு ஜூனியராகச் சில வருஷம் கருப்புக் கோட்டு போட்டவள். எனக்கு எழுத வரும், எழுந்து நின்று பேச வராது. பிராது எழுதச் சொன்னால் எதிராளியே படித்துவிட்டு நியாயம்தானே என்று நினைக்கிற மாதிரி எழுதுவேன். நீதிபதி நிமிர்ந்து என்னைப் பார்த்தால் சொல்ல வந்தது மறந்துபோகும். ஒருநாள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். நைனா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கோர்ட்டுக்குப் போவார், நான் அவருடைய ஆபீஸ் அறையிலேயே கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பேன். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

சாயங்காலம் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்பார்.

"இன்னிக்கு இன்னா பண்ணான் அந்த அமெரிக்காக்காரன்?"

அன்று செய்ததைப் படித்துக் காட்டுவேன். அந்த ஆள் சட்டக் கல்லூரிக்கே போகவில்லை. அந்தக் காலத்தில் அங்கே ஒரு மூத்த வக்கீலின் ஆபீஸில் சேர்ந்து, தரை பெருக்கி, கணப்புக்கு விறகு போட்டு, மீதி நேரத்தில் அவருடைய புத்தகங்களைப் படித்தால் போதும். பிறகு ஒரு நீதிபதி நாலு கேள்வி கேட்டு வக்கீல் ஆக்கிவிடுவார். "ஃபீஸ் மிச்சம்" என்றார் நைனா. ஊர் ஊராகக் குதிரையில் போய் வழக்கு நடத்துவார்களாம். எதிரெதிர் வக்கீல்கள் ஒன்றாகவே பயணம் செய்து, ஒரே சத்திரத்தில் படுத்து, காலையில் எழுந்து கோர்ட்டில் கட்டிப் புரளுவார்களாம். அதைக் கேட்டு நைனா சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

"நானும் அவனும் விழுப்புரத்துக்கு ஒரே பஸ்ஸுல போவலியா?"

அவன் என்றது நைனாவுக்கு எதிராகவே காலமெல்லாம் ஆஜரான வக்கீலை. ஒருவர் வாதிக்கு என்றால் மற்றவர் பிரதிவாதிக்கு. கட்சிக்காரர்களே அப்படிப் பழகிவிட்டார்கள். ஒருவனுக்கு இவர் கிடைத்தால், அவனுடைய சண்டைக்காரன் நேரே அவரிடம் போவான்.

அமெரிக்கர் செனட்டர் ஆனதும் நைனாவுக்குச் சுவாரஸ்யம் போய்விட்டது. நைனாவே ஒருமுறை பேரூராட்சி வார்டுக்கு நின்று தோற்றவர். மறுநாள் காலையில் வழக்கம்போலக் கோர்ட்டுக்குப் போனவர்.

"சபையில பேசறதுலாம் நமக்கு வாணாம். மறுபடியும் கோர்ட்டுக்கு வந்தான்னா சொல்லு."

அமெரிக்கர் வரத்தான் செய்தார். அடுத்த தேர்தலில் தோற்று, ரயிலேறித் தன் சின்ன ஊருக்கு வந்து, பூட்டிக் கிடந்த ஆபீஸைத் திறந்து, யாருடைய மாடோ யாருடைய சோளத்தையோ மேய்ந்த வழக்கில் ஆஜரானார். அந்தப் பக்கத்துக்கு நான் போய்ச் சேர்வதற்குள் நைனா போய்விட்டார். காலையில் மார்பு வலிக்கிறது என்றார். விழுப்புரத்துக்குக் கார் பாதி வழி போவதற்குள் முடிந்துவிட்டது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் இப்படியே சொல்கிறேன். வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னேன். ஃப்ரீசர் பெட்டிக்குக் கரண்ட் கனெக்‌ஷன் எங்கே என்று காட்டினேன். பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது அவள் தோளுக்கு மேலே சுவரில் பல்லி ஒன்று ஓடியது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணுக்கு நெஞ்சழுத்தம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கோர்ட்டில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எல்லாரும் எழுந்து நிற்க, நைனாவின் வாழ்க்கையை ஒருவர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். விவசாயக் குடும்பம், கஷ்டப்பட்டுப் படிப்பு, வக்கீல் தொழில், மக்கள் சேவை. எல்லா வக்கீல் வாழ்க்கையும் ஒரே அச்சுதான் போலிருக்கிறது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து அமெரிக்கரில் ஒரு பக்கம் முடித்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கட்சிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். வக்கீல் இறந்துவிட்டால் அவருக்குக் கொடுத்த வக்காலத்தும் அதோடு போயிற்று. கேஸ் கட்டை வாங்கிக்கொண்டு வேறு வக்கீலைப் பார்க்க வேண்டும். அலமாரியிலிருந்து ஒவ்வொரு கட்டாக எடுத்து, தூசி தட்டி, கொடுத்தேன். அவர்கள் நைனா நாற்காலியைப் பார்த்து அழுதார்கள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

இடையில் புத்தகத்தின் மிச்சமும் ஓடியது. தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அந்த மூத்த வக்கீல் இறந்ததும் அவருடைய வழக்குகளை அமெரிக்கரே எடுத்து நடத்தினார் என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான், ஒரே வரி. எந்த மனசோடு எடுத்தார், முதல் நாள் கோர்ட்டில் எழுந்து என்ன சொன்னார், ஒன்றும் இல்லை. எழுதியவர்மேல் கோபம் வந்தது. அந்த நாட்களில் எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அதுதான். வரியைத் தமிழில் டைப் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

கட்டு வாங்காமல் போனது ஒரே ஒரு ஆள். சிங்கவரத்து அக்கா. புருஷன் இல்லாதவள், கொஞ்சம் நிலம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போடுகிறாள். அந்த நிலத்துக்குப் போகிற வண்டிப்பாதை பக்கத்து நிலக்காரரின் ஓரமாகப் போகிறது. அவர் அதை அடைக்கப் பார்த்தார். நைனா இடைக்காலத் தடை வாங்கியிருந்தார். அந்தத் தடை அடுத்த வாய்தா வரைக்கும்தான். அன்று யாராவது எழுந்து நின்று நீட்டிக்கச் சொல்லிக் கேட்கவில்லை என்றால் அதோடு முடிந்தது. பக்கத்து நிலக்காரர் கல்லுக்காலும் முள்கம்பியும் வாங்கி வரப்போரம் அடுக்கி வைத்துவிட்டுத் தயாராக இருந்தார்.

அக்கா கட்டைத் தொடவே இல்லை.

"இத்த எடுத்துக்கினு நான் எங்க போவேன்? நீயும் வக்கீலுக்குப் படிச்சவதான?"

"படிச்சேன்க்கா. எனக்குப் பேச வராது."

"எனக்கு நல்லா வரும். என்னைய எங்க பேச வுடறாங்க?"

சொல்லிவிட்டு மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தாள். பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். நான் வேறு வக்கீல்கள் பெயர் சொன்னேன். அவர்கள் நல்லவர்கள்தான் என்றேன். அவள் மென்றுகொண்டே கேட்டாள். கடைசியில், "மல்லாட்ட புடுங்கற நேரம் கண்ணு. வண்டி உள்ள வரலன்னா எல்லாம் மண்ணுலயே மொளைச்சிடும்" என்றாள். அதில் அழுகை இல்லை, மிரட்டல் இல்லை. எனக்கு மறுக்கத் தெம்பில்லை. வக்காலத்துத் தாளை எடுத்து, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்று காட்டினேன்.

வாய்தா அமாவாசையில் விழுந்தது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் காலையிலிருந்தே பஸ் ஸ்டாண்டை நிறைத்திருந்தது. அக்கா பஸ்ஸை நம்பாமல் சிங்கவரத்திலிருந்து யாருடைய சைக்கிள் பின்னாலோ உட்கார்ந்து வந்திருந்தாள். என் கோட்டு தோளில் இறுக்கியது. கழுத்துப்பட்டையைக் கட்டுவது எப்படி என்பது மறந்து, கண்ணாடி முன்னால் இரண்டு மூன்று தடவை கட்டி அவிழ்த்தேன். சொல்ல வேண்டியதை ராத்திரியே மனப்பாடம் செய்திருந்தேன். வாதிக்கு நான் ஆஜராகிறேன், தடையை நீட்டித்துத் தர வேண்டும். அவ்வளவுதான், சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

கோர்ட் பாதிதான் நிறைந்திருந்தது. எதிர்வக்கீல், நைனா 'அவன்' என்பாரே அவர்தான், அவருடைய வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். நைனா இறந்த அன்று எங்கள் வாசலில் வெயிலில் நின்றுகொண்டே இருந்தவர், உள்ளே வரவேயில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் உட்கார்ந்தேன். நைனாவின் இடத்தில் உட்காரவில்லை, அதற்குப் பின்னால், ஜூனியராக இருந்தபோது உட்கார்ந்த இடத்தில்.

எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். மனப்பாடம் செய்தது எங்கே போனதோ தெரியவில்லை. வாய் தன்பாட்டுக்குத் திறந்தது.

"ஐயா, சீனியர் வந்துகிட்டிருக்காரு. பாஸ் ஓவர் கேட்டுக்கறேன்."

ஜூனியராக இருந்த வருஷங்களில் நான் கோர்ட்டில் பேசியதில் முக்கால்வாசி இந்த வாக்கியம்தான். நைனா மாடியில் வேறு கோர்ட்டில் இருப்பார், இல்லையென்றால் டீக்கடையில் இருப்பார். வழக்கைக் கூப்பிட்டுவிட்டால் நான் எழுந்து இதைச் சொல்ல வேண்டும். நீதிபதி மற்ற வழக்குகளைப் பார்த்துவிட்டு இதை மறுபடி கூப்பிடுவார். அதற்குள் நைனா வேகமாக நடந்து வந்துவிடுவார்.

யாரும் சிரிக்கவில்லை. எங்கேயோ ஒரு பேனா மூடுகிற சத்தம் கேட்டது. இரங்கல் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்றவர் இதே நீதிபதிதான். அவர் கட்டை ஓரமாக வைத்தார்.

"பாஸ் ஓவர்" என்றார். "அடுத்தது."

உட்கார்ந்தேன். எதிர்வக்கீல் தலையைக் குனிந்து தன் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். நைனாவுக்கு மாலை போட்டு, தெருமுனை வரை பின்னால் நடந்து வந்தவள் அவள். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் பார்த்தேன். வெளியே வெயில், அதற்குப் பின்னால் ராஜகிரி மலை, படியில் செருப்புகள். வேறு ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது, அதில் ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை. நான் வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை நாளாக நான் திடமாக இருந்தேன் என்று நினைத்தவர்களும் தப்பு, நெஞ்சழுத்தம் என்றவர்களும் தப்பு. நான் அவருக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். வந்துவிடுவார் என்று எனக்குள் யாரோ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

மறுபடி கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் எதிர்வக்கீல் எழுந்துவிட்டார். நைனாவோடு மல்லுக்கு நின்ற அதே உரத்த குரல்.

"ஐயா, வாதி தரப்புல யாரும் ஆஜராகல. தடையை நீட்டிக்க முகாந்திரம் இல்ல."

சொல்லிவிட்டு உட்காராமல் என் பக்கம் திரும்பி நின்றார். நான் எழுந்திருக்கும்வரை அப்படியே நின்றார்.

"ஆள் இருக்குதுங்க ஐயா" என்றேன். "சீனியர் இனிமே வரமாட்டாரு. வாதிக்கு நான் ஆஜராகறேன்."

நீதிபதி காதருகே கையை வைத்தார்.

"கேக்கலம்மா. சத்தமா சொல்லுங்க."

"சீனியர் இனிமே வரமாட்டாரு ஐயா. நான்தான் ஆஜராகறேன்."

இந்தமுறை வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அதன் பிறகு எதிர்வக்கீல் என்ன சொன்னார், நான் என்ன பதில் சொன்னேன் என்பது சரியாக நினைவில்லை. அவர் விட்டுக்கொடுக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. அடுத்த வாய்தா வரை தடையை நீட்டித்து உத்தரவானது.

படியிறங்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. அக்கா என் கையிலிருந்த கட்டை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை கருப்புக் கோட்டோடு வாய்விட்டு அழுதுகொண்டே போனேன். அங்காளம்மனுக்குப் போகிற கூட்டம் எனக்கு வழி விட்டது.