என்னை ரிலீவ் பண்ண வந்தவர்

டக் என்று ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு டக். பழைய மொபெட்டை இப்படி இரண்டு தவணையாக ஸ்டாண்டு போடுகிறவர் என் வாழ்க்கையில் ஒருவர்தான். அவருக்கு இடது முழங்கால் சரியாக மடங்காது. முதல் மிதியில் ஸ்டாண்டு பாதிதான் இறங்கும், மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டாம் மிதி. மணலியில் நான் வேலை பார்த்த கெமிக்கல் கம்பெனியின் பாய்லர் ஹவுஸ் சுவருக்கு அந்தப் பக்கம் இந்தச் சத்தம் கேட்டால் மணி இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்து மேசை மேல் வைத்துவிடலாம். அவர் என் ரிலீவர். பத்தொன்பது வருடம் அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் நைனா.

ரிலீவ் என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, வேலையில்தான் படித்தேன். சேர்ந்த முதல் நாளே ஃபோர்மேன் சொன்னது இதைத்தான்: "ரிலீவ் பண்ண ஆள் வராம சீட்ட வுட்டு எழுந்துகினேன்னு வை, அப்டியே வூட்டுக்குப் போயிடு." எரிகிற பாய்லரை அநாதையாக விட்டுவிட்டுப் போக முடியாது. அடுத்தவன் வந்து, பார்த்து, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால்தான் நமக்கு விடுதலை. அவன் வரவில்லை என்றால் மழையோ சாவோ அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் இந்தச் சொல் சோற்றுக்கு உப்பு போலப் புழங்கும். மூத்திரம் போக வேண்டுமானால் "ரெண்டு நிமிசம் ரிலீவ் பண்ணு மாமு." வேலையை விட்டவனிடம் "ரிலீவ் ஆயிட்டியா, ஆர்டர் குட்தாங்களா?" எண்ணூரில் வெள்ளம் வந்தால் அரிசி மூட்டையும் போர்வையும் ரிலீஃப் என்ற பெயரில் வரும். தலைவலித் தைலத்தின் டப்பாவிலும் அந்தச் சொல்தான் இருக்கும்.

என் மகள் ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் வீட்டுப்பாடத்தோடு வந்து, "ரிலீவ்னா இன்னாப்பா?" என்று கேட்டாள். இது கூடத் தெரியாதவனா நான்! "ஆள் மாத்தறது" என்று எழுதச் சொன்னேன். டீச்சர் சிவப்பு மையில் அடித்துவிட்டு, துயர் நீக்குதல் என்று எழுதி அனுப்பியிருந்தார். மறுநாள் இரண்டு மணிக்கு அண்ணாத்தையிடம் சொன்னபோது அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "டீச்சர் ஒரு நாள் இந்த சூட்டுல வந்து எட்டு மணி நேரம் குந்தட்டும். ரெண்டும் ஒண்ணுதான்னு தானா தெரிஞ்சிக்கும்."

எங்கள் உறவு அந்தப் பத்து நிமிட உறவுதான். இரவில் பாய்லர் ஓடாது. பகலில் இரண்டு ஷிஃப்ட், ஒரு வாரம் அவருக்குக் காலை, மறு வாரம் எனக்கு. ஒன்றாக ஒரு மணி நேரம் வேலை செய்ததில்லை, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவர் வீடு எம்.கே.பி. நகரில், என் வீடு காலடிப்பேட்டையில். இருந்தும் அவர் மனைவிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று எனக்குத் தெரியும், என் மாமனார் போட்ட சண்டை எல்லாம் அவருக்குத் தெரியும். தினம் பத்து நிமிடம் என்று பத்தொன்பது வருடம் பேசினால் ஒரு மனிதனைப் பற்றித் தெரியாதது மிச்சம் இருக்காது என்று நம்பினேன். அப்படி நம்பினவன் நான்தான், அவர் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை.

எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. கம்பெனியில் வேறு எந்தப் பிரிவிலும் அது கிடையாது, மேலே இருப்பவர்கள் யாருக்கும் தெரியாது. ஷிஃப்ட் முடிந்து போகிறவர் புத்தகத்தில் அன்றைய நிலவரத்தை எழுதி, கையெழுத்துப் போடுவார். அதற்குக் கீழே வருகிறவர், பொறுப்பை ஏற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். நாங்கள் இருவரும் எங்கள் கையெழுத்துக்கு மேலே ஒரு வரியைக் காலியாக விடுவோம். களைப்பில் ஏதாவது எழுத மறந்துபோகும், பாதி வழியில் திடீரென்று ஞாபகம் வரும். உடனே போன். "நைனா, ரெண்டாம் பம்பு லேசா ஒழுவுது, எழுதிக்கோ." அவருடைய காலி வரியில் அவருக்காக நான் எழுதிவிடுவேன். என் வரியில் எனக்காக அவர் எழுதுவார். தேவைப்படாத வரியை மறுநாள் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிடுவோம். விதிப்படி இது தப்பு. ஆனால் வீட்டில் போய் நிம்மதியாகத் தூங்க இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. மற்றவர்கள் தங்கள் கையெழுத்துக்கு மேலே இம்மி இடம் விடமாட்டார்கள். நாங்கள் ஒரு முழு வரி விட்டோம்.

அன்று அவருக்குக் காலை ஷிஃப்ட். பாய்லருக்குத் தண்ணீர் குறைந்தால் எச்சரிக்கை மணி ஒன்று அடிக்கும். உள்ளே மிதவை சிக்கிக்கொண்டு அந்த மணி காரணமே இல்லாமல் காலையிலிருந்து அலறியிருக்கிறது. காது பொறுக்காமல் அவர் ஒயரைக் கழற்றி விட்டிருக்கிறார். நான் வந்தபோது, "எல்லாம் நார்மல், ரிலீவ்டு நைனா" என்று தோளில் தட்டினார். அவசரத்தில் இருந்தார், மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார். நான் சுற்றிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். மூன்றரை மணி வாக்கில் எண்ணெய் லாரி வந்தது, அங்கே இருபது நிமிடம் நின்றேன். பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியை இடையில் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். அது என் தப்பு, இன்றும் ஒப்புக்கொள்கிறேன். குறைந்தால் மணி அடிக்கும் என்று இருந்துவிட்டேன். மணி அடிக்கவில்லை. குழாய் வெடித்ததுதான் கேட்டது. ஓடிப்போய் அடுப்புக்குப் போகும் எண்ணெயை நிறுத்தியபோது நீராவி என் வலது முன்கையை முழங்கை வரை உரித்துவிட்டது.

என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, பாய்லர் ஹவுஸைப் பார்த்துக்கொள்ள அவருக்குத்தான் போன் போட்டார்கள். வந்தார். மேனேஜர் வந்து சேரும் வரை, அந்த அறையில் அவரும் மேசை மேல் புத்தகமும் மட்டும்தான். மறுநாள் அவர் என்னைப் பார்க்க வந்தார். ஆறு சாத்துக்குடியை உரித்து, ஒவ்வொரு சுளையாக விதை எடுத்து ஊட்டினார். எனக்குக் கை தூக்க வரவில்லை. "இன்னா பேஜாரு ஆயிப்போச்சு பாரு. நீ ஒண்ணியும் ரோசனை பண்ணாத. ஆபீஸ்ல நான் பாத்துக்கறேன்" என்றார். நான் அழுதேன். அவர் துண்டால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். அந்தச் சுளைகளை நினைத்தால்தான் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. ஏனென்றால் அதற்கு முந்தின நாளே அவர் எழுதி முடித்துவிட்டார்.

விசாரணை அறையில் புத்தகத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்கள். அவர் கையெழுத்துக்கு மேலே அந்தக் காலி வரி காலியாக இல்லை. தண்ணீர் மணியின் ஒயர் கழற்றப்பட்டுள்ளது, ரிலீவரிடம் சொல்லப்பட்டது என்று அவர் கைப்பட நீல மையில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, பொறுப்பை ஏற்றுக்கொண்டேன் என்று என் கையெழுத்து. "இது உங்க கையெழுத்துதானே?" என்றார் மேனேஜர். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? காலி வரிப் பழக்கத்தைச் சொன்னேன். சொல்லும்போதே நாங்கள் பத்தொன்பது வருடம் புத்தகத்தில் தப்பு செய்தோம் என்று நானே வாக்குமூலம் கொடுப்பது எனக்குத் தெரிந்தது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பழைய பக்கங்களில் குறுக்கே போட்ட கோடுகளைக் காட்டி, இதெல்லாம் என்ன என்றார்கள்.

"அது பக்கத்த க்ளோஸ் பண்ண போடற கோடு சார். வரி வுடற பழக்கமெல்லாம் நம்ம கிட்ட கிடையாது" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை.

காலி வரிகளில் அவருக்காக நான் எழுதியதும் எனக்காக அவர் எழுதியதும் பழைய புத்தகங்களில் இருந்தன. குடோனில் தேடி எடுங்கள் என்று கெஞ்சினேன். அதற்கு யாருக்கும் நேரமில்லை. ஒரு தப்புக்கு ஓர் ஆள் போதும் அவர்களுக்கு. ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கேஸ் இல்லாமல் முடித்துவிடுவதாகச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். ரிலீவிங் ஆர்டர் ஒரே பக்கம், அச்சடித்த காகிதம். அதை வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது மணி இரண்டுக்குப் பத்து நிமிடம். வழக்கம்போல மொபெட்டை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார். நான் நடந்து தாண்டிப் போனேன். அந்த மாதம் அவருக்கு ஃபோர்மேன் போஸ்டிங் வரவிருந்தது. வந்தது.

வெந்த கை ஆறிவிட்டது. தோல் மட்டும் சுருங்கி, வெயிலில் அரிக்கும். போன வேலைக்கும் ஒரு மாதிரி சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் மறைத்தது ஒயரை மட்டும் அல்ல, அந்தக் காலி வரியையும்தான். அப்படி ஒரு பழக்கமே கிடையாது என்றார். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நாங்கள் இருவர் மட்டும் அறிந்த ஒன்றை ஒருவர் இல்லை என்று சொல்லிவிட்டால் இன்னொருவன் பொய்யன் ஆகிவிடுகிறான்.

இப்போது திருவொற்றியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோட்டார் ஆபரேட்டர் நான். தண்ணீர் ஏற்றுவது, ஜெனரேட்டர் பார்ப்பது. இங்கேயும் இரண்டு ஷிஃப்ட், இங்கேயும் ஒரு புத்தகம். போன வருடம் என்னோடு மாற்றி மாற்றி ஷிஃப்ட் பார்த்தவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். ஒரு மத்தியானம் கேட்டுக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்டது. டக், இடைவெளி, டக். முடி முழுக்க நரைத்துப்போய் நின்றார். "நைனா, இங்க ஆள் கேக்கறாங்கன்னாங்க. ரிடயர் ஆனதுக்கு அப்பறம் வூட்ல ரொம்ப கஷ்டமா கீது" என்றார். குடியிருப்புச் செயலாளர் என்னைத் தனியாக அழைத்து, ஆள் எப்படி என்று கேட்டார். "டைமுக்கு வருவாரு சார்" என்றேன். பொய் இல்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் திரும்பிப் போயிருப்பார். ஏன் சொல்லவில்லை? அவர் என் எதிரே தினம் பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு நாளாவது, ஒயரப் பத்தி உன்னாண்ட நான் சொல்லல நைனா என்று அவர் வாயால் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதல் வாரம் அவருக்குக் காலை. இரண்டு மணிக்கு நான் போனபோது புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, ஒரு வரி விட்டு, கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கீழே கையெழுத்துப் போட்டதும் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பழக்கதோஷத்தில் விட்டாரா, எழுதிக்கொள் என்று விட்டாரா? எழுதிக்கொள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். பேனாவை எடுத்து, அவருடைய வரியில் அவருக்காக எழுதினேன்: தண்ணீர் மணியின் ஒயரைக் கழற்றினேன், ரிலீவரிடம் சொல்லவில்லை. கீழே அவர் கையெழுத்து. பல வருடங்களுக்குப் பிறகு அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

வார முடிவில் செயலாளர் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு மணி, நாங்கள் இருவரும் இருந்தோம். "என்ன மணி? நம்ம காம்பவுண்டுல மணியே கிடையாதே. யார் எழுதினது இது?" என்றார். நான் அண்ணாத்தையைப் பார்த்தேன். இப்போது வேலை போகாது, போஸ்டிங் போகாது, போலீஸ் வராது. ஒரு வார்த்தைதான்.

அவர் குனிந்து பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது என் எழுத்து இல்ல சார்" என்றார்.

உண்மைதானே, என் எழுத்துதான். செயலாளர் என் பக்கம் திரும்பினார். "தெரியாம எழுதிட்டேன் சார்" என்று சொல்லி, அந்த வரியின் குறுக்கே நானே கோடு போட்டு அடித்தேன்.

அவர் இன்னும் இங்கேதான் வேலை பார்க்கிறார். எனக்குக் காலை ஷிஃப்ட் வரும் வாரங்களில் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெளியே அந்தச் சத்தம் கேட்கும், ஒரு நாளும் தவறியதில்லை. மறு வாரம் அவருக்குக் காலை, நான் போய் அவரை ரிலீவ் பண்ண வேண்டும். அந்த வாரங்களில் நான் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் மொட்டை மாடிக்கு ஏறுகிறேன். ஐந்து மாடி, லிஃப்டில் போவதில்லை. தொட்டி மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்க்கிறேன். ஒவ்வொரு வால்வாகத் தொட்டுப் பார்க்கிறேன். மேலிருந்து எட்டிப் பார்த்தால், வெயிலில் மொபெட்டைப் பிடித்தபடி அவர் நிற்பது தெரியும். நான் வந்து கையெழுத்துப் போடும் வரை அவர் கிளம்ப முடியாது. நான் மெதுவாகத்தான் இறங்குகிறேன்.