அம்சவேணி ‘வாங்க’ சொன்ன மாதம்

உட்கார்ந்தால் அம்சவேணிக்குக் கால் நமநமவென்று இருக்கும். காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் பத்தொன்பது வருஷத்தை நின்றுகொண்டே கழித்தவள். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தும், தறியில் உட்காரப் பொறுமை இல்லாமல் புடவை மடிக்கிற வேலைக்கு வந்தாள். 2003இல் மேல்மாடி முகூர்த்தப் புடவைப் பிரிவே அவள் பொறுப்பு. பதினாறு பெண்கள், அத்தனை பேரும் அவளுக்கு வாடி போடிதான். "கண்ண எங்கடி வெச்சுக்கினு மடிக்கிற?" என்று அவள் போடும் சத்தம் தெரு வரைக்கும் கேட்கும். மத்தியானம் யார் சோறு கொண்டுவரவில்லை என்று விசாரித்துத் தன் டப்பாவை நீட்டுவதும் அவளேதான்.

அந்த வருஷம் எதிரே ஏசி போட்ட புதுக்கடை வந்தது. நாலே மாதத்தில் ஐந்து பெண்கள் அங்கே தாவிவிட்டார்கள். முதலாளி மகன் குமரகுரு பயந்துபோனான். ஆட்களை எப்படி உற்சாகமாக வைத்துக்கொள்வது என்று கற்றுத்தர, சென்னையிலிருந்து ரங்கநாத் என்றொரு கோச்சைக் கூட்டிவந்தான். அம்சவேணிக்குத் தெரிந்த கோச் ரயில்பெட்டி ஒன்றுதான்.

மனுஷர் நல்லவர். ஒருநாள் முழுக்க மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவளையே கவனித்துவிட்டுச் சொன்னார். "தொழில் உங்களுக்கு அத்துப்படிம்மா. பேச்சுதான் அவங்களைக் குறுக வைக்குது. ஒரு மாசம் எல்லாரையும் வாங்க, போங்கன்னு கூப்பிட்டுப் பாருங்க."

குமரகுரு அவளைத் தனியே அழைத்தான். "துர்காவ மட்டும் விட்றாதீங்கக்கா. ஆவணி முகூர்த்தம் வருது. அவளும் போயிட்டா மேல்மாடிய வேற ஆளுகிட்டதான் குடுக்கணும்."

துர்காதேவி வாலாஜாபாத்துக்காரி. பதினொரு வருஷமாக அம்சவேணியிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவள் அவள்தான். கல்யாண வீட்டார் இருபது பேர் வந்து உட்கார்ந்தாலும், யார் சொன்னால் வியாபாரம் முடியும் என்பதை மூன்றாவது புடவை விரிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவாள்.

அம்சவேணி வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று "வாங்க துர்கா" என்று பழகினாள். "யாரும்மா வந்துக்கிறது?" என்று புருஷன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான்.

கடையில் முதல் வாரம் பெண்கள் சிரித்தார்கள். அப்புறம் இரண்டு பேருக்கு அது பிடித்தே போனது. துர்காவுக்கு மட்டும் பேச்சு குறைந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாலே அம்சவேணிக்கு எதிர்க்கடை ஞாபகம்தான். பயம் ஏற ஏற மரியாதையும் ஏறியது. "டீ சாப்ட்டீங்களா துர்கா?" என்று பின்னாலேயே அலைந்தாள். ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஒருநாள் துர்கா கைதவறி, விரித்த புடவைமேல் காபியைக் கொட்டிவிட்டாள். திட்டு அம்சவேணியின் பல் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, "பரவால்லீங்க. நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். துர்காவின் முகம் செத்துவிட்டது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாள் எதிர்க்கடையின் யூனிஃபார்ம் புடவையில் நின்றாள்.

அன்று சாயங்காலம் அம்சவேணி அவளைத் துரத்திக்கொண்டு வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பர்ஸ்கூட எடுத்து வரவில்லை. துர்காதான் இரண்டு டிக்கெட் வாங்கினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடி?"

"எப்பிடிக்கா கேப்பேன்? காபி கொட்டினப்ப முதுகுல ரெண்டு வெச்சிருந்தா அழுதுட்டு வேலையப் பாத்துக்கினு இருப்பேன். நீ ‘போங்க’ன்னுட்ட. பதினோரு வருஷமா வாடின்னவ வாங்கன்னா, இனிமே நீ யாரோ நான் யாரோன்னுதானே அர்த்தம்? நீயா போகச் சொல்றதுக்குள்ள நானே போயிட்டேன்."

"அந்த கோச்சு சொன்னார்டி அப்பிடி!"

"அத எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

சொல்லியிருக்கலாம். அம்சவேணிக்குத் தோன்றவே இல்லை. துர்காவைப் பிடித்துவைக்கத்தான் இத்தனை பாடும் என்பதைத் துர்காவிடம் மட்டும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். "திரும்பி வந்துருடி" என்றாள்.

துர்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்க வாக்கு குடுத்துட்டேன்கா. சேந்த மறுநாளே விட்டுட்டு வந்தா நல்லாவா இருக்குது?"

மறுநாள் காலையில் கடையில் குமரகுருவும் கோச்சும் அம்சவேணிக்காகக் காத்திருந்தார்கள். "துர்கா போயிட்டாளாமே?" என்றான் குமரகுரு. கோச்சைக் கைகாட்டிவிட்டால் மேல்மாடி தன் கையில் நிற்கும் என்று அம்சவேணிக்குத் தெரியும்.

"அவளா போகல தம்பி. நான்தான் மரியாத குடுத்து அனுப்பி வெச்சேன்."