உன் ஆள் வந்தாச்சா?

அந்த விசில் பித்தளையில் செய்தது. வெள்ளைப் பூச்சு தேய்ந்து, வாய் வைக்கும் முனையில் மட்டும் மஞ்சள் தெரியும். உள்ளே உருளும் தக்கைக் குண்டு ஈரத்தில் ஊறிப்போனதால் ஊதியவுடன் சத்தம் வராது. முதலில் வெறும் காற்று, பிறகு ஓர் இருமல், அதற்கப்புறம்தான் கூவல். வலை பின்னும் பச்சை நைலான் கயிற்றில் கோத்து, எங்கள் தெரு மன்றத்தின் செயலாளர் அண்ணன் அதைக் கழுத்தில் மாட்டியிருப்பார். இப்போது அது என் மேசை இழுப்பறையில், கத்தரிக்கோலுக்கும் பசை டப்பாவுக்கும் நடுவில் கிடக்கிறது. அதைக் கையில் எடுத்தால் தஞ்சாவூர்க் கோயில் வாசலில் அவர் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற காட்சிதான் முதலில் வருகிறது.

எங்கள் தெரு திருவொற்றியூரில், காலடிப்பேட்டைக்குக் கிழக்கே, நெடுஞ்சாலையைத் தாண்டினால் கடல் என்கிற தூரத்தில் இருக்கிறது. மன்றம் என்றால் ஓர் அறை, ஒரு கேரம் பலகை, கதவு சரியாக மூடாத ஒரு பீரோ. ஆனாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை செயலாளர் அண்ணன் வண்டி பிடித்து எங்களை எங்காவது அழைத்துப் போய்விடுவார். மாமல்லபுரம், செஞ்சிக் கோட்டை, பழவேற்காட்டு டச்சுக் கல்லறை, எழும்பூர் அருங்காட்சியகம். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்தச் சிற்பத்தின் முன் நின்றாலும் அது யார், எந்தக் கடவுள் என்பதில் அவருக்கு அக்கறை இருக்காது. கழுத்தை அண்ணாந்து, “இத்த எப்டி மேல ஏத்திருப்பான்?” என்பார். எங்கே கயிறு கட்டியிருப்பார்கள், எந்தப் பக்கம் சாய்த்திருப்பார்கள் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்குவார். கல்லுக்குள் இருந்த தெய்வத்தை விட, அதை ஏற்றிய கூலிக்காரர்களைத்தான் நாங்கள் அதிகம் தெரிந்துகொண்டோம். தஞ்சாவூர்க் கோபுர உச்சியில் இருக்கும் கல்லைப் பற்றி அவர் பேசாத பயணமே கிடையாது. “அத்த ஒரு தபா நேர்ல பாத்துரணும். அப்பால கண்ண மூடுனாலும் பரவால்ல” என்பார்.

மன்றத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒருமுறை காஞ்சிபுரத்திலிருந்து திரும்பும்போது வண்டியில் தலைகளை எண்ணினோம். கணக்குச் சரியாக இருந்தது. பாதி வழியில்தான், பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாள் எங்கள் ஊர்க்காரரே இல்லை, வேலூரிலிருந்து வேறு வண்டியில் வந்தவர் என்பது தெரிந்தது. எங்கள் தெரு அம்மாள் பட்டுக்கடை வாசலில் அழுதுகொண்டிருந்தார். அன்றோடு அண்ணன் எண்ணுவதை நிறுத்தினார். “தல கணக்கு வாணாம். ஆளுக்கு ஒரு ஆளு” என்று சொல்லி ஒவ்வொருவருக்கும் ஒருவரைப் பொறுப்பாக ஒப்படைத்தார். விசில் ஊதியதும் “உன் ஆள் வந்தாச்சா?” என்று கேட்பார், அவரவர் தன் ஆளைப் பார்த்துவிட்டு “வந்தாச்சு” என்று கத்த வேண்டும். டெய்லர் பாயின் ஆள் கருவாட்டு அக்கா. “என் ஆளு வந்தாச்சு, மூக்கு சொல்லுது!” என்று பாய் கத்துவார். “ஒரு நாளு நாக்க கத்திரில வெச்சி நறுக்கப் போறேன் பாரு” என்று அக்கா பதில் கொடுப்பார். தவறாமல் நடக்கும் நாடகம் அது.

என் ஆள் செயலாளர் அண்ணன். “நீதாம்மா கரீட்டா பாப்ப. இவனுங்கோ என்ன உட்டுட்டு வண்டிய எடுத்துருவானுங்கோ” என்று அவரேதான் என்னைப் போட்டார். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு குப்பியின் பெயர் இன்னொரு குப்பிக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. அன்றன்று நடந்ததை எழுதி வைக்கும் பழக்கமும் உண்டு. ஆகவே ஒவ்வொரு பயணத்திலும் அவர் எங்கே நிற்கிறார், யாரோடு பேசுகிறார் என்று ஒரு கண் அவர் மேலேயே இருக்கும். அது எனக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை. பிற்பாடு அதே வேலை வேறு மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு திடல் இருந்தது. கருவாட்டு அக்காவும் இன்னும் சில பெண்களும் அங்கேதான் மீன் காயப்போடுவார்கள். அந்த இடத்தில் ஒரு தனியார் நிறுவனம் நிலக்கரி கொட்டி வைக்கும் கிடங்கு கட்டப் போவதாகச் செய்தி வந்தது. ஒரு புதன்கிழமை, நெடுஞ்சாலைக் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அக்கா மைக்கில் பேசுவதாக முடிவு செய்து, பேச வேண்டியதை மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டே சொல்லிப் பார்த்தார். அந்த வாரத்தில்தான் அண்ணன் தஞ்சாவூர்ப் பயணத்தை அறிவித்தார். புதன் விடியற்காலை புறப்பட்டு வியாழன் திரும்புவது. யாரும் எதுவும் தர வேண்டாம், வண்டி சும்மா கிடைக்கிறது.

மன்ற வாசலில் அக்கா கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. “ஏன்யா, புதங்கெழம கூட்டம் கீதே? நான் பேசணும்னு சொல்லிக்கினு கீறேன்.”

“அது தள்ளிப் போச்சாம் அக்கா. அடுத்த மாசமாம்.”

“ஆரு சொன்னது?”

“சொல்றாங்கோ.”

தெரு மொத்தமும் ஏறியது. கால் வலி, கடை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று வழக்கமாகச் சாக்குச் சொல்பவர்கள்கூட வந்தார்கள். ஞாயிறு தவிர வேறு நாளில் அவர் பயணம் வைத்ததே இல்லை என்பது வண்டி செங்கல்பட்டைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

தஞ்சாவூரில் எல்லோரும் புல்தரையில் உட்கார்ந்து கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். விளக்கம் சொல்ல ஆள் இல்லை. என் ஆளைத் தேடி நான் வாசலுக்கு வந்தேன். வெளியே ஒரு மரத்தடியில், கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்து நின்றார். “ஆமா சார். எல்லாரும் இங்கதான் கீறாங்கோ சார்” என்றது காதில் விழுந்தது. என்னைக் கண்டதும் பேச்சை முடித்தார். “வண்டிக்காரரும்மா” என்றார். திரும்பும் வழியில் டெய்லர் பாய் அவரைச் சீண்டினார். “இன்னா செயலாளரே, அந்தக் கல்ல எப்டி ஏத்துனான்னு சொல்லவே இல்ல? உனுக்கே தெரியலியா?” அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “சாரம் கட்டி ஏத்திருப்பான்” என்று மட்டும் சொன்னார். வாழ்நாளெல்லாம் பார்க்க ஏங்கிய கல்லைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

கூட்டம் தள்ளிப் போகவில்லை. குறித்த நாளில், குறித்த மண்டபத்தில் நடந்து முடிந்திருந்தது. எங்கள் தெருவிலிருந்து யாரும் வராததால் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். கருவாட்டு அக்கா காலிக் கூடையோடு நேராக மன்றத்துக்கு வந்தார். “என் மூஞ்சப் பாத்து சொல்லு. உனுக்குத் தெரியுமா தெரியாதா?”

“தள்ளிப் போச்சின்னுதான் அக்கா சொன்னாங்கோ. சத்தியமா.”

“அந்த சத்தியத்த கொண்டாந்து காயப்போடு. எடம் கீதான்னு பாப்போம்” என்று சொல்லிவிட்டு அக்கா போனார்.

அதற்குப் பிறகு நான் அண்ணனைக் கவனிப்பதை நிறுத்தவில்லை, கூட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாரா, புது வண்டி வாங்குகிறாரா என்று பார்த்தேன். அதே சைக்கிள், அதே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அவருடைய மருமகன் அந்தக் கிடங்கில் லாரி ஓட்டுகிறான் என்று டெய்லர் பாய் சொன்னார். விசாரித்தேன். உண்மைதான். ஆனால் அதற்கு முன்பும் அவன் துறைமுகத்தில் லாரிதான் ஓட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கத்தில் லாரி ஓட்டுபவன் ஏதோ ஒரு கிடங்குக்குத்தான் ஓட்டியாக வேண்டும். ஒவ்வொரு தடயமும் இப்படித்தான். இந்தப் பக்கம் திருப்பினால் திருடன், அந்தப் பக்கம் திருப்பினால் அப்பாவி. கிடங்கு எழும்பியது. மிச்சமிருந்த துண்டு நிலத்தில் அக்கா மீனைக் காயப்போட்டு, மேலே படியும் கரித்தூளைத் துணியால் தட்டித் தட்டி எடுத்தார். மன்றப் பயணங்களுக்கு ஆள் குறைந்தது. விசில் சத்தம் கேட்டால் ஜன்னல்கள் திறப்பதில்லை.

மனைவி இறந்த பிறகு அண்ணன் ராயபுரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். கிளம்புவதற்கு முன் விசிலை என்னிடம் கொடுத்தார். அப்போதுதான் நேராகக் கேட்டேன். “அண்ணே, தஞ்சாவூர் வண்டிய யாரு குடுத்தது?”

என் கையிலிருந்த விசில் கயிற்றின் முடிச்சை இழுத்து இறுக்கினார். “ஒருத்தரு போன் பண்ணாரும்மா. மருவாதயா பேசுனாரு. தஞ்சாவூருன்னாரு. நான் வேற ஒண்ணியும் கேக்கல.”

கேட்கவில்லையா, கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லையா?

சென்ற மாதம் ஒரு மத்தியானம் என் போன் அடித்தது. இனிமையான ஆண் குரல். மன்றத்தின் சேவையைப் பாராட்டினார். ஏசி பேருந்து ஒன்று இருக்கிறது, ராமேஸ்வரம் போய் வரலாம், மக்களுக்கு எந்தச் செலவும் இல்லை என்றார். என் எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். “மன்றத்துல எல்லாருக்கும் தெரியுமே மேடம்” என்றார். எந்த நாள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை. கிடங்கை விரிவாக்கி, அக்காவின் அந்த மிச்சத் துண்டையும் எடுத்துக்கொள்வதற்கான கூட்டம் அதே வெள்ளிக்கிழமைதான்.

“அன்னிக்கு இங்க ஒரு கூட்டம் இருக்கே” என்றேன்.

“அது தள்ளிப் போயிடுச்சாம் மேடம். அப்படித்தான் சொல்றாங்க.”

போனை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வார்டு அலுவலகத்துக்கு நடந்தேன். அறிவிப்பு ஒட்டியபடியே இருந்தது. உள்ளே இருந்த ஊழியர் சிரித்தார். “எவம்மா சொன்னது தள்ளிப் போச்சுன்னு? மண்டபத்துல சேரே வந்து எறங்கியாச்சு.”

திரும்பி வரும்போது மனம் கொஞ்சம் இளகியது. இதே குரல், இதே வார்த்தை அவருக்கும் வந்திருக்கலாம். நம்பியிருக்கலாம். தஞ்சாவூர் என்ற சொல்லில் மற்றதெல்லாம் அவருக்கு மறைந்துபோயிருக்கலாம். வீட்டு வாசல் வருவதற்குள் இன்னொரு எண்ணமும் வந்துவிட்டது. வார்டு அலுவலகம் நான் நடந்து போய் வந்த தூரம். அவரிடம் சைக்கிள் இருந்தது. அதோடு, கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு “எல்லாரும் இங்கதான் கீறாங்கோ சார்” என்று அவர் யாரிடம் சொன்னார்?

வெள்ளிக்கிழமை காலை, எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்துப் போகத் தெருமுனையில் நின்று விசில் ஊதினேன். காற்று, இருமல், கூவல். இந்த முறை ஜன்னல்கள் திறந்தன. ராயபுரம் பக்கமிருந்து வந்த பேருந்திலிருந்து செயலாளர் அண்ணன் இறங்கினார். டெய்லர் பாய் சொல்லியனுப்பியிருக்கிறார். இளைத்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மற்றவர்களோடு சேராமல் மின்கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டார். “உன் ஆள் வந்தாச்சா?” என்று நான் கேட்க, ஒவ்வொருவராகக் கத்தினார்கள். “என் ஆளு வந்தாச்சு, இன்னிக்கி சோப்பு போட்டுக்கினு வந்துகீது!” என்றார் பாய். அக்கா அவரைத் திட்டவில்லை. மின்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பினார்கள். என் ஆளை யாரும் மாற்றவில்லையே.

“வந்தாச்சு” என்றேன். ஆனால் மண்டபத்தில் அவருக்கு நேர் பின்வரிசையில்தான் உட்கார்ந்தேன்.

கருவாட்டு அக்கா ஒரு தாம்பாளத்தில் கருவாட்டை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார். “தொட்டுப் பாருங்க சார். பயப்படாத, கடிக்காது” என்று அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி தொட்டார். விரல் நுனி கறுத்தது. “நீங்க கைய கழுவிக்கினு வூட்டுக்குப் போயிருவீங்கோ. நான் இத்த எங்க கொண்டுபோயி கழுவறது? இந்தத் துண்டும் போச்சின்னா ரோட்டு மேலதான் காயப்போடணும்” என்றார். மண்டபம் கைதட்டியது. ஆட்சேபம் என்று எழுதிக்கொண்டார்கள். எழுதுவதை நாங்கள் எழுந்து நின்று பார்த்தோம். அந்த நேரத்தில் அண்ணனின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. யாரென்று பார்க்க நான் முன்னால் சாய்ந்தபோது என் கழுத்தில் தொங்கிய விசில் அவர் நாற்காலி முதுகில் இடித்தது. அவர் திரும்பாமலேயே போனை எடுத்து, எனக்குத் தெரியும்படி தோளுக்கு மேல் உயர்த்திக் காட்டினார். திரையில் மகளின் பெயர் இருந்தது. எந்த எண்ணுக்கும் எந்தப் பெயரையும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு இன்னும் வரவில்லை. அக்கா இன்னும் அந்தத் துண்டு நிலத்தில்தான் காயப்போடுகிறார். அன்று மண்டபத்து வாசலில், திரும்பிப் போக எல்லோரையும் சேர்க்க வேண்டியிருந்தபோது, அண்ணன் பழைய பழக்கத்தில் என் பக்கம் கையை நீட்டினார். “குடும்மா, நான் ஊதறேன்.” நான் விசிலைக் கொடுக்கவில்லை. நானே ஊதினேன். வீட்டுக்கு வந்து அதைத் துடைத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். முன்பெல்லாம் அந்த இழுப்பறையை நான் பூட்டுவதில்லை.