முப்பத்தாறு தொட்டிகளும் இரண்டு வண்டிகளும்

என் கணவருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தபோது துறைமுகத்துக்குப் பக்கத்து முத்தையாபுரத்தில் நாங்கள் பதினோரு வருடம் இருந்திருந்தோம். அவருக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிக்கல் பிரிவில் வேலை. நான் பக்கத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். பிள்ளைகள் கல்லூரி விடுதியில் இருந்ததால் வீட்டைக் கட்டித் தூக்குவது எங்கள் இரண்டு பேர் பாடாகிவிட்டது.

முதலில் கூப்பிட்டது பஸ் ஸ்டாப் அருகே குட்டியானை லோடு வண்டி நிறுத்தியிருப்பாரே, அந்த டிரைவரைத்தான். என் மாணவி ஒருத்தியின் அப்பா. தெரிந்த மனிதர், சாமானைத் தன் வீட்டுச் சாமான்போல் தூக்குவார். வந்து பீரோவைத் தட்டிப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், மாடிப்படியில் இறங்கி ஏறினார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“டீச்சர், உள்ளதச் சொல்லுதேன். ஓசூருக்கு என் வண்டி போவும். ஆனா இவ்வளவு சாமானையும் ஏத்திக்கிட்டு தொப்பூர் ஏத்தத்துல திணறும். வழியில மழை பேஞ்சா ஒரு தார்ப்பாய்தான். தூரத்துக்குன்னு மூடுன வண்டி வச்சிருக்கவங்களப் பிடிங்க. ஜில்லாவுக்குள்ள எங்கன்னாலும் என்னயக் கூப்பிடுங்க.”

வருகிற சவாரியை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? என் கணவருக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.

அப்படித்தான் வெளியூருக்கு வீடு மாற்றுவதற்கென்றே இருக்கும் மதுரைக் கம்பெனி ஒன்றைப் பேசினோம். அவர்களுடைய சூப்பர்வைசர் ஒரு சின்ன வயசுக்காரர். செல்போனில் ஒவ்வொரு அறையாக வீடியோ எடுத்தார். கண்ணாடிச் சாமானுக்குத் தனிப் பெட்டி, டிவிக்குத் தனி மரச்சட்டம் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கும் திருப்தியாக இருந்தது, மொட்டைமாடிக்கு வரும்வரை.

அங்கே முப்பத்தாறு தொட்டிகள் இருந்தன. எங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. அரிசி களைந்த தண்ணீரையும் காய் கழுவிய தண்ணீரையும் வாளியில் சேர்த்துவைத்து ஊற்றி வளர்த்தவை. செம்பருத்தி, பிச்சி, ஓமவல்லி, கறிவேப்பிலை, காய்க்கவே காய்க்காத ஒரு எலுமிச்சை.

“மேடம், செடி ஏத்த மாட்டோம். வண்டியப் பூட்டுனா ஓசூர்லதான் திறப்போம். உள்ள வெந்து போயிரும்” என்றார் அவர்.

அவர் போனதும் என் கணவர், “ஏளா, விட்டுத்தள்ளு. அடுத்துக் குடிவாரவங்க பாத்துக்கிடுவாங்க” என்றார்.

“பாத்துக்கிடுவாங்கன்னு நீங்க எழுதித் தருவீயளா?” என்று கேட்டேன். அன்று முழுக்க அவரோடு சரியாகப் பேசவில்லை.

மறுநாள் குட்டியானைக்காரருக்குப் போன் போட்டேன். “செடியெல்லாம் தெரிஞ்சவங்க வீட்டுல சேக்கணும். இது ஜில்லாவுக்குள்ள வேலதான்” என்றேன். சிரித்துவிட்டு, சனிக்கிழமை காலை வருவதாகச் சொன்னார்.

நனைத்த சாக்கை வண்டியில் விரித்துத்தான் அவர் தொட்டிகளை ஏற்றினார். உயரமான செடிகளை முன்பக்கம் சாய்த்துக் கட்டினார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பதினோரு வருடம் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் போன ஊரை அத்தனை உயரத்திலிருந்து அன்றுதான் பார்த்தேன். துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எங்கள் வண்டி மட்டும் பச்சையாகப் போனது. சிக்னலில் நின்ற ஒரு லாரிக்காரர் குனிந்து பார்த்து, “ஏலே, தோப்பையே தூக்கிட்டுப் போறியா?” என்று கேட்டார்.

மில்லர்புரத்தில் என்னோடு வேலை பார்த்த அறிவியல் டீச்சர் வீட்டில் பாதிக்குமேல் இறக்கினோம். அவள் வெயில் எங்கே விழும் என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். காய்க்காத எலுமிச்சையையும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். “உங்கிட்ட அது கோவிச்சுக்கிட்டு நிக்கி. எங்கிட்ட காய்க்கும் பாரு” என்றாள்.

அடுத்து காயல்பட்டினம். என்னோடு பி.எட். படித்த தோழியின் வீடு அங்கே. அவள் கணவர் துபாயில் இருக்கிறார். அவள் தெருவுக்குள் குட்டியானைகூட நுழையாது. நாங்கள் முனையில் நின்று விழித்துக்கொண்டிருந்தபோது அவளே ஸ்கூட்டரில் வந்தாள், பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு வண்டியில். கால் வைக்கும் இடத்தில் இரண்டு தொட்டி, பின்சீட்டில் ஒரு தொட்டி. கடைசி நடைக்கு நானும் பிச்சித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினேன். கொடி அவள் தோள்மேல் கிடந்தது.

“மாப்பிள்ளைக்கு வீடியோ காலுல காட்டணும். தோட்டம் வாங்கிட்டேன்னு சொல்லப்போறேன்” என்றாள். கணவரைத்தான் மாப்பிள்ளை என்பாள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் தராமல் எங்களை அனுப்பவில்லை. டிரைவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் பின்னால் ஒரு தொட்டி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கறிவேப்பிலை. அதைப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் வைக்க நினைத்திருந்தேன். டிரைவர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அந்தக் கறிவேப்பிலைய யாருக்குக் குடுக்கீய டீச்சர்?”

“ஏன் கேக்கீய அண்ணாச்சி?”

“எங்க வீட்டுல ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கா. நானும் வாங்கித் தாரேன் தாரேன்னு சொல்லி ஏமாத்துதேன்.”

நேராக அவர் வீட்டுக்கே போனோம். அவர் மனைவி ஈரக்கையோடு வெளியே வந்து, கேட்காமலே ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் சத்துணவுக்கூடம் எனக்கு மறந்தே போனது.

திங்கட்கிழமை கம்பெனி ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். மத்தியானத்துக்குள் வீடு முழுக்க அட்டைப்பெட்டியாகிவிட்டது. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் ரயிலில் கிளம்பினோம்.

புதன்கிழமை காலை ஓசூரில் வண்டியைத் திறந்தார்கள். குளிராக இருந்தது, என் கணவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெட்டிகளைச் சரிபார்த்தார். ஒரு கிளாஸ்கூட உடையவில்லை. சமையல் பெட்டியை முதலில் பிரித்து உப்புமா கிண்டினேன். ஏற்றி இறக்கியவர்களுக்கும் சேர்த்துத்தான். பிரிக்காத பெட்டிகள்மேல் உட்கார்ந்து எல்லோரும் சூடாகச் சாப்பிட்டோம்.