மருந்து டேங்க் கழுவிய ஓடை

கல்வராயன் மலையில் ஒன்றரை ஏக்கர் கொல்லையைக் குத்தகைக்கு எடுத்து மரவள்ளி வைத்திருந்தேன். எனக்கு வேலை சங்கராபுரத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியில் மேலே போய் வருவேன். கொல்லையை ஒட்டி ஓர் ஓடை ஓடுகிறது.

அந்த வருஷம் மாவுப்பூச்சி ஜாஸ்தி. குருத்தெல்லாம் சுருண்டுபோனது. கடையில் கொடுத்த மருந்தைக் கலந்து, டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு நானே அடித்தேன். முடிந்ததும் வழக்கம்போல ஓடையில் இறங்கி டேங்கைக் கழுவினேன். அடியில் கிடந்த மிச்ச மருந்தும் அதோடு போனது. தண்ணீர் சற்று நேரம் பால்போல இருந்து தெளிந்துவிட்டது. நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

மத்தியானம் கீழ்க்கொல்லைக்காரப் பெண் ஓர் அலுமினியக் குண்டானோடு ஏறி வந்தாள். மகளுக்குச் சளி, ரசம் வைக்க நண்டு பிடிக்கப் போயிருக்கிறாள். குண்டானில் நண்டுகள் மல்லாந்து கிடந்தன. இரண்டு மூன்று மட்டும் காலை அசைத்தன.

"பிடிக்கவே வேணாம்ண்ணா, அதுங்களே கரையேறி வந்து கெடக்குது. மேல இன்னா கழுவுனீங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. டேங்க் என் பக்கத்திலேயே இருந்தது.

"மருந்து டேங்கும்மா. புள்ளைக்கு ஆக்கிக் குடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல. ஒரு மாதிரி நாத்தம் அடிச்சுது, அதான் கேக்க வந்தேன்."

நண்டுகளைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அவளோடு இறங்கினேன். அயிரை மீன்கள் வயிறு வெளுத்து வேர்களில் சிக்கிக் கிடந்தன. அவள் ஒரு கல்லைப் புரட்டினாள். அடியில் ஒட்டியிருக்கும் சின்ன நீர்ப்பூச்சிகள் விரல் பட்டதும் செத்து உதிர்ந்தன.

கீழே இருந்த இரண்டு வீடுகளுக்கும் போய், தண்ணீர் மொள்ள வேண்டாம், மாட்டையும் இறக்க வேண்டாம் என்று சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒரு பெரியவர் மட்டும், "நாங்களும் ஓடையிலதான் டேங்க் கழுவுறோம், இன்னா பண்றது" என்றார். அது எனக்குத் திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுவாரம் ஓடையை விட்டுத் தள்ளி, மேட்டில் ஒரு குழி வெட்டினேன். இப்போது குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் டேங்கை அங்கேதான் கழுவுகிறேன். அந்தப் பெண்ணும் அப்படியே செய்கிறாள். மற்றவர்களில் சிலர் செய்கிறார்கள், சிலர் இல்லை.

இரண்டு மழைக்காலம் போயிற்று. அயிரை திரும்பிவிட்டது. கல்லுக்கடியில் பூச்சிகளும் தெரிகின்றன. நண்டுதான் கம்மி. அதைப் பிடிக்க அந்தப் பெண் என் கொல்லையைத் தாண்டி, மேலே காட்டுப் பக்கம் போகிறாள்.