செங்கம் சாலையில் நின்ற கார்

ஏரி வழிந்து செங்கம் சாலையில் ஓடும் தண்ணீரில் இறங்கிய எங்கள் கார் பாதியிலேயே அணைந்துவிட்டது. நாலைந்து பேர் தள்ளிவந்து, திருவண்ணாமலையில் ஆசிரமத்துக்கு அருகே ஒரு மெக்கானிக் கடையில் விட்டிருக்கிறார்கள். மழை விடவில்லை. மலையே தெரியவில்லை. கீழ்பென்னாத்தூரில் என் மனைவி கமலாவின் அண்ணன் இறந்துவிட்டார். எங்களுக்காகத்தான் இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

மெக்கானிக் பாஷா ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சாய்க்கிறார். தண்ணீர் கொட்டுகிறது.

"நின்னதுக்கு அப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?"

"ரெண்டு மூணு தடவை."

"இன்ஜின் உள்ள தண்ணி போயிடுச்சுங்க. இன்னைக்கு வண்டி எடுக்க முடியாது."

அவரே ஆட்டோக்காரர்களுக்குப் போன் போட்டுப் பார்க்கிறார். "அந்தப் பக்கம் தண்ணி இன்னும் ஜாஸ்தியாம்மா. யாரும் வரமாட்டேன்றாங்க," என்கிறார் கமலாவிடம்.

இருட்டிக்கொண்டு வருகிறது. அண்ணன் மகன் மறுபடி அழைக்கிறான். கமலா போனை எடுக்கிறாள்.

"எடுத்துடுங்கடா. மொகத்த மட்டும் ஒரு தரம் வீடியோவுல காட்டு."

பாஷா ஸ்பேனரைக் கீழே வைக்கிறார். திரையில் குடைகளும் மாலைகளும் அசைகின்றன. பிறகு அந்த முகம்.

"வந்துட்டேண்ணா," என்கிறாள் கமலா. "இதோ, திருவண்ணாமலை வரைக்கும் வந்துட்டேன்."